தேரை விழுந்த வீடு

வேலூரைப் பற்றி ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் ஒரு கேலி உண்டு. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டதால் கடைசிக் கேலி மட்டும் காலாவதி. அந்த ஊரில், லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த எங்கள் ஓட்டு வீட்டு பாத்ரூமில், ஒரு மரத்தவளை குடியிருந்தது.

மரத்தவளை என்று அப்போது தெரியாது. எங்களுக்கு அது தேரை. பகலெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவரின் மூலையில் கைகால்களை மடக்கிக்கொண்டு, யாரோ அப்பிவிட்டுப் போன களிமண் உருண்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். மழைக்கால ராத்திரிகளில் கதவைத் தட்டுவதுபோல ‘டக் டக் டக்’ என்று சத்தம் போடும்.

ஆயாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. தேங்காயை உடைத்து உள்ளே பருப்பில்லாவிட்டால் ‘தேரை விழுந்த காய்’ என்போமே, அதே வியாதி குழந்தைகளுக்கும் வரும் என்பது அவள் கட்சி. தங்கச்சிக்கு அப்போது எட்டு மாசம், எடை ஏறவே இல்லை. “தேரை வுழுந்த கொழந்த இப்டித்தான் சூம்பிப் பூடும். உப்ப அள்ளிப் போடுடா, தன்னால ஓடிடும்” என்றாள்.

எனக்கு ஒன்பது வயசு. அப்பா லாங் பஜாரில் ஒரு உப்பு மொத்தக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வீட்டில் கல்லுப்புக்குப் பஞ்சமில்லை. இரண்டு கை அள்ளிப் போட்டேன். அது ஓடவில்லை. கைகளால் தலையையும் முதுகையும் துடைத்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டது. நான் அதை முறத்தில் எடுத்துச் சாக்கடையில் போட்டேன்.

பிறகு ஆஸ்பத்திரியில் ப்ரைமரி காம்ப்ளெக்ஸ் என்று சொல்லி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். தங்கச்சி தேறினாள். உப்புதான் காப்பாற்றியது என்று ஆயா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பல வருஷம் கழித்து, வேலைக்கு நடுவில் எதையோ தேடப்போய் அந்த மூஞ்சியைப் படத்தில் பார்த்தேன். பாலிபீடேட்ஸ் மேகுலேட்டஸ். ஆங்கிலத்தில் ‘சுனம்’ தவளை என்றும் ஒரு பெயர். நம் சுண்ணம்தான் ஆங்கிலத்தில் சுனம் ஆனது. 1830ல் அறிவியல் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தியாவின் பெரும்பகுதி, இலங்கை, நேபாளம், வங்கதேசம் என்று பரவியிருக்கிறது.

அதன் சொந்தக்காரர்களில் பலருக்கு இந்த வசதி இல்லை. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதிகளிலும் வாழும் இந்தக் குடும்பத்தில் நானூறுக்கு மேற்பட்ட இனங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு சோலையை, ஒரு மலைமுகட்டை விட்டு இறங்காதவை நிறைய உண்டு. 1876ல் விவரிக்கப்பட்ட ஒரு குட்டித்தவளையை நூறு வருஷத்துக்கு மேல் யாரும் பார்க்கவில்லை. திரும்பக் கிடைத்த பிறகு, களக்காடு-முண்டந்துறைக் காட்டில் அது மூங்கில் கணுவிடைக்குள் முட்டையிடுவது தெரிந்தது. அதன் குஞ்சு தலைப்பிரட்டையாக நீந்துவதே இல்லை, முட்டையிலிருந்து தவளையாகவே வெளியே வருகிறது. மூங்கில் போனால் அதுவும் போச்சு.

நம்ம ஆள் அப்படியில்லை. மரம் இல்லையா, சுவர் போதும். ஜோடி சேர்ந்ததும் பெண் தவளை ஒரு திரவத்தைச் சுரந்து பின்னங்கால்களால் அடித்து நுரையாக்கும். தண்ணீருக்கு மேலே, இலையிலோ தொட்டி விளிம்பிலோ, அந்த நுரைக்கூட்டுக்குள் முட்டைகள். மீன்களுக்கு எட்டாது, சீக்கிரம் காயாது. சில நாளில் தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் சொட்டும். அந்தத் தண்ணீர் மட்டும் இருந்தாக வேண்டும். வெயில் காலத்தில் அது பாத்ரூமுக்கு வருவதும் ஈரத்துக்காகத்தான். தவளை வாயால் குடிப்பதில்லை, தோலால் குடிக்கிறது. நான் உப்பைப் போட்டது அந்த வாயில்தான்.

1997ல் வந்த ஒரு ஆய்வுக்கட்டுரை இந்தத் தவளை உடம்பைத் துடைத்துக்கொள்வதைப் பற்றியது. தோலில் சுரக்கும் கொழுப்புப் பசையைக் கைகால்களால் உடம்பு முழுக்கப் பூசிக்கொள்கிறது, அதனால் ஈரம் போவது குறைகிறது என்கிறது அது. அந்த வரியில் லேப்டாப்பை மூடிவிட்டேன். அன்றைக்கு அது ஏன் துடைத்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் அந்தக் கைகளை எனக்குத் தெரியும்.

அப்பா கணக்கெழுதிய உப்பு எங்கே போனது என்றும் இப்போது தெரியும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்புகளுக்கு. பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பு, முடி கழல சுண்ணாம்பு. கழுவிய தண்ணீர் நிலத்துக்கும் பாலாற்றுக்கும். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, இந்தப் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டுவிட்டது என்று பதிவானது. என் இரண்டு கை உப்பு அந்தக் கணக்கில் ஒன்றுமே இல்லை. ஆனால் எங்கள் சோறு அந்த லோடுகளில் வந்தது.

உலக நீர்நிலவாழ்விகளில் 41 சதவீதம் அழிவு அபாயத்தில் இருப்பதாக 2023 மதிப்பீடு சொல்கிறது. சுனம் தவளை அதில் சேர்த்தி இல்லை, கவலைக்கிடமில்லாத இனம். வரைபடத்தில் நாடு முழுக்க வண்ணம் தீட்டியிருக்கும். அந்த வண்ணத்தை நெருங்கிப் போய்ப் பார்த்தால் அது ஒரு தொட்டி, ஒரு கிணறு, மூடாத ஒரு பீப்பாய். எங்கள் பழைய வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி குடோன். அங்கே இருந்த ஒரு புள்ளி போய்விட்டது. வரைபடத்தை அதற்காக யாரும் மாற்றப்போவதில்லை.

போன ஐப்பசியில் சத்துவாச்சாரியில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் குழந்தைக்கு ஏழு மாசம். ராத்திரி பாத்ரூமில் ‘டக் டக்’. அம்மா பழக்கதோஷத்தில் சமையலறைக்குப் போய் உப்பு ஜாடியைத் திறந்துவிட்டாள்.

“தேரை வுழுந்தவ நானே எண்பது கிலோ இருக்கேன், வுடும்மா” என்றாள் தங்கச்சி.

வாளியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. குளிக்கலாம் என்று போனவன் லைட்டை அணைத்துவிட்டு வந்துவிட்டேன்.