சோளமும் உடன்படிக்கையும்

நாடுகளுக்கிடையே கைச்சாத்திடப்படும் வர்த்தக உடன்படிக்கைகளுக்கெனத் தனியான ஒரு மொழி உண்டு. அம்மொழியிலே தானியம் ஒரு தீர்வை இலக்கமாகவும், அதனை விளைவிப்போர் ஓர் உற்பத்தித் துறையாகவும், அதனை உண்போர் ஒரு சந்தையாகவும் மட்டுமே இடம்பெறுவர். நூற்றுக்கணக்கான பக்கங்களில் விரியும் இவ்வாவணங்களைச் சட்ட வல்லுநர் வரைவர், அமைச்சர் கைச்சாத்திடுவர், சட்டமன்றங்கள் அங்கீகரிக்கும். ஆனால் அவற்றின் விளைவை முதலில் உணர்பவன், அவற்றுள் ஒரு பக்கத்தையேனும் கண்ணாற் காணாத கமக்காரனாக இருப்பதே வழமை. அவன் அவ்வாவணத்துக்கு அளிக்கும் மறுமொழியே மக்கள் எதிர்ப்பியக்கமாக உருக்கொள்கிறது. இத்தகைய மறுமொழிகளுள் நீண்டதும் சிந்தனைக்குரியதுமான ஒன்று, வட அமெரிக்க சுதந்திர வர்த்தக உடன்படிக்கையை எதிர்த்து மெக்சிக்கோவின் சோளக் கமக்காரர் நடத்திய போராட்டமாகும். இறக்குமதி விலை பற்றிய பிணக்காக மட்டும் அதனைக் கொள்வது பொருந்தாது. ஒரு மக்கட் கூட்டத்தின் உணவைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை யாருக்குரியது என்னும் வினாவே அப்போராட்டத்தின் அடிநாதமாய் ஒலித்தது.

இவ்வினாவின் கனதியை உணர்வதற்கு, மெக்சிக்கோவில் சோளம் வகிக்கும் இடத்தை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும். தியோசிந்தே எனப்படும் காட்டுப் புல்லிலிருந்து ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன்னர் சோளத்தைப் பயிராக்கியவர்கள் அந்நிலத்தின் ஆதிக்குடிகளே. தானாக மணியுதிர்த்துப் பரவும் ஆற்றலைச் சோளம் இழந்துவிட்டது. மணிகளை இறுகப் பொதிந்திருக்கும் கதிரை மனிதக் கை பிரித்து விதைத்தாலன்றி அப்பயிருக்கு மறுவாழ்வில்லை. மனிதன் சோளத்தை ஆக்கினான். சோளம் மனிதனை ஆக்கியது. இவ்வுண்மையின் மறுபாதியை மாயா மக்களின் 'பொப்போல் வூ' என்னும் பழைய நூல் கதையாகவே சொல்லுகிறது. தேவர்கள் மண்ணாலும் மரத்தாலும் மனிதரைச் செய்து பார்த்துத் தோல்வியுற்றபின், ஈற்றில் சோள மாவைப் பிசைந்தே மனிதரைப் படைத்தனர் என்பது அக்கதை.

நடைமுறை வாழ்விலும் இப்பிணைப்பு நீடித்து வந்துள்ளது. 'மில்ப்பா' எனப்படும் சிறு நிலங்களிலே சோளத்தையும் போஞ்சியையும் பூசணியையும் சேர்த்தே விதைப்பர். போஞ்சிக்கொடி சோளத்தண்டைப் பற்றியேறும். பூசணியிலை நிலத்தின் ஈரத்தைக் காக்கும். அறுவடைக் காலத்தில் நல்ல கதிர்களைத் தெரிந்து மறு பருவத்துக்கு விதையாக எடுத்து வைப்பர். இவ்வாறு தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தமையாலேயே வெள்ளை, மஞ்சள், நீலம், சிவப்பு எனப் பல நிறங்களில், மலைக்கு மலை வேறுபடும் இனங்கள் அங்கு நிலைபெற்றுள்ளன. சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் அவித்து, அரைத்து, தட்டிச் சுடும் 'தோர்த்தியா' என்னும் உரொட்டியே ஏழையின் அன்றாட உணவு. இவ்வாறு உணவும் விதையும் ஒன்றாயிருக்கும் பொருளைத் தீர்வை அட்டவணை தானியம் என்று மட்டுமே அறியும்.

உடன்படிக்கை சோளத்தைத் தொடுவதற்கு முன்னரே நிலத்தைத் தொட்டுவிட்டது. 1910இல் வெடித்த மெக்சிக்கப் புரட்சியின் பயனாக, 1917ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆவது உறுப்புரை நிலமற்றோருக்கு நிலம் பெறும் உரிமையை வழங்கியிருந்தது. அவ்வாறு வழங்கப்பட்ட 'எகீதோ' என்னும் பொது நிலங்களை உழுது பயன்கொள்ளலாம், விற்க முடியாது. எமிலியானோ சப்பாத்தா என்னும் கமக்காரத் தலைவன் 1919இல் வஞ்சகமாகக் கொல்லப்பட்டபோதும், அவன் வேண்டிய நிலம் சட்டத்தில் எஞ்சி நின்றது. 1992இல் சனாதிபதி சாலினாஸின் அரசு அவ்வுறுப்புரையைத் திருத்தியது. நிலப் பங்கீடு முடிவுக்கு வந்தது. பொது நிலங்களை விற்கவும் குத்தகைக்கு விடவும் வழி பிறந்தது. அதே ஆண்டு டிசெம்பரிலே ஐக்கிய அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ ஆகிய மூன்று நாடுகளின் தலைவர்களும் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். நிலம் காத்திருந்த தென்பகுதிக் குடியானவருக்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே செய்தியாகவே சென்றடைந்தன.

அந்தச் செய்திக்கான மறுமொழி 1994 ஜனவரி 1ஆம் திகதி வந்தது. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த அந்த நாளிலேயே, சியாப்பாஸ் மாநிலத்தின் மாயா இனக் குடியானவர்கள் சப்பாத்தாவின் பெயரைத் தாங்கிய தேசிய விடுதலைப் படையாகத் திரண்டு, சான் கிறிஸ்தோபல் உள்ளிட்ட நகரங்களைக் கைப்பற்றினர். அவர்களுட் சிலரிடம் துவக்கிருந்தது. வேறு சிலர் துவக்கு வடிவிலே செதுக்கிய மரத்துண்டுகளையே ஏந்தியிருந்தனர். இவ்வுடன்படிக்கை ஆதிக்குடிகளுக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை என்று அவர்கள் சார்பிற் பேசியோர் கூறினர். அரச படைகளுடன் நிகழ்ந்த சமர் 12 நாட்களில் ஓய்ந்தது. அதனை ஓயச் செய்ததில், தலைநகரிலே சமாதானம் வேண்டித் திரண்ட பெருந்தொகையான மக்களுக்கும் பங்குண்டு. 1996 பெப்ரவரியில் சான் அந்திரேஸ் என்னுமிடத்தில், ஆதிக்குடிகளின் தன்னாட்சி உரிமை பற்றிய இணக்கங்களில் அரசு கைச்சாத்திட்டது. எனினும் 2001இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம் அவ்விணக்கங்களைப் பெரிதும் நலிவுறச் செய்தது. துவக்கின் ஓசை உலகின் கவனத்தை ஈர்த்தது உண்மையே. ஆனால் சோளத்தின் வழக்கை ஆண்டுக்கணக்கில் நடத்தியவர்கள் துவக்கேந்தாத கமக்காரரே.

அவ்வழக்கின் மையமாக அமைந்தது ஓர் அவகாசம். சோளம் நுண்ணுணர்வுக்குரிய பயிர் என்பதை உடன்படிக்கையை வரைந்தோரும் ஏற்றிருந்தனர். ஆகவே முதலாண்டிலே 25 இலட்சம் தொன் வரையே தீர்வையின்றி இறக்குமதியாகலாம். அதற்கு மேற்பட்டதற்கு 215 வீதம் வரை தீர்வை விதிக்கலாம். அத்தீர்வை 15 ஆண்டுகளிற் படிப்படியாகக் குறைந்து 2008இல் முற்றாக நீங்கும் என்று வகுக்கப்பட்டது. மழையை நம்பி இரண்டு மூன்று ஹெக்ரேயரில் விதைப்பவன், அரச மானியம் பெற்றுப் பெருநிலங்களில் இயந்திரங்களால் அறுவடை செய்யும் வட அமெரிக்கக் கமக்காரனோடு போட்டியிடத் தன்னை ஆயத்தப்படுத்துவதற்காக வழங்கப்பட்ட காலம் அது. ஆனால் கட்டளவை மீறிச் சோளம் வந்தபோது, அறவிடத்தக்க தீர்வையை மெக்சிக்க அரசு அறவிடவில்லை. மலிவான தானியம் பணவீக்கத்தைத் தணிக்கும் என்பது காட்டப்பட்ட நியாயம். உடன்படிக்கை வழங்கிய பாதுகாப்பைக் கூடத் தன் நாட்டுக் கமக்காரருக்கு மறுத்தது அவர்களது அரசே. இறக்குமதி சில ஆண்டுகளிற் பன்மடங்காகியது. கமக்காரன் பெற்ற விலையின் உண்மைப் பெறுமதி வீழ்ந்தது. அவனிடம் உத்தரவாத விலைக்குக் கொள்வனவு செய்துவந்த அரச நிறுவனமான கொனசுப்போவும் 1999இல் மூடப்பட்டது. தானியம் மலிந்தபோதிலும் தோர்த்தியா மலியவில்லை என்பதே இதிலுள்ள முரண். உரொட்டிக்கான மானியமும் விலைக் கட்டுப்பாடும் அகற்றப்பட்டமையால், விளைவித்தவனும் உண்டவனும் ஒருங்கே நட்டமடைந்தனர்.

உடன்படிக்கையை ஆதரிப்போர் கூறும் வாதங்களையும் ஒதுக்கிவிட முடியாது. மெக்சிக்கோவின் மொத்தச் சோள விளைச்சல் வீழ்ச்சியடையவில்லை, உயர்ந்தே வந்தது. தக்காளியும் அவகாடோவும் விளைவித்தோர் வடக்கே பெருஞ்சந்தையைப் பெற்றனர். ஆயின் அவ்வுயர்வு எங்கு நிகழ்ந்தது என்று நோக்குதல் அவசியம். சினலோவா போன்ற வடமாநிலங்களின் நீர்ப்பாசனப் பெருநிலங்களே அதிற் பெரும்பங்கை ஈட்டின. தெற்கின் மலைச்சரிவுகளில் விதைத்தவனோ, விற்பதற்கென விளைவிப்பதைக் கைவிட்டு, உண்பதற்கு மட்டும் சிறிது விதைத்து, மகனை வடக்கே அனுப்பினான். தானியம் தடையின்றி எல்லையைக் கடந்து தெற்கே வந்த அதே 1994ஆம் ஆண்டிலேதான், சான் டியாகோவை அண்டிய எல்லையில் வடக்கே செல்லும் மனிதரைத் தடுக்கப் புதிய காவல் நடவடிக்கை ஆரம்பிக்கப்பட்டது. பொருளுக்குத் திறந்த கதவு மனிதனுக்கு அடைபட்டது. சராசரிக் கணக்குகள் மறைத்துவிடும் இவ்வேறுபாட்டைத்தான் எதிர்ப்பியக்கம் வீதிக்குக் கொணர்ந்தது.

2002 டிசெம்பரிலே கமக்காரர் சிலர் குதிரைகளுடன் மெக்சிக்கப் பிரதிநிதிகள் சபைக் கட்டடத்தினுள் புகுந்தனர். 'கிராமம் இனித் தாங்காது' என்ற பொருளுடைய முழக்கத்தையே பெயராகக் கொண்டு பல கமக்கார அமைப்புகள் ஒன்றிணைந்தன. 2003 ஜனவரி 31ஆம் திகதி தலைநகரின் பெருஞ்சதுக்கம் அவர்களால் நிறைந்தது. விவசாய அத்தியாயம் மீளப் பேசப்பட வேண்டும் என்பதே அவர்களின் தலையாய கோரிக்கை. ஏப்ரலில் அரசு அவர்களுடன் ஒரு தேசிய இணக்கத்திற் கைச்சாத்திட்டது. உதவிகள் பல வாக்களிக்கப்பட்டன. அந்த அத்தியாயத்தில் மட்டும் ஒரு வரியும் மாறவில்லை. 2007 ஜனவரியில் தோர்த்தியாவின் விலை திடீரென ஏறியபோது நகரத்துத் தொழிலாளரும் கிராமத்தவருடன் சேர்ந்து ஊர்வலம் சென்றனர். 'சோளமின்றி நாடில்லை' என்னும் முழக்கம் அவ்வாண்டிலே நாடெங்கும் பரவியது. 2008 ஜனவரி 1ஆம் திகதி, எஞ்சியிருந்த தீர்வையும் நீங்கிய அன்று, சியுதாத் குவாரெஸ் நகரின் எல்லைப் பாலத்தில் கமக்காரர் கைகோத்து நின்று வழிமறித்தனர். அம்மாத இறுதியில் வடக்கிலிருந்து புறப்பட்ட உழவு இயந்திரங்கள் தலைநகரை வந்தடைந்தன. 15 ஆண்டு அவகாசத்தை எவரும் மறந்திருந்தபோதிலும் அவர்கள் மறக்கவில்லை என்பதை அத்திகதிகளே உணர்த்துகின்றன.

விலைக்கான போர் இவ்வாறு தோற்ற வேளையில், விதைக்கான போர் வேறொரு தளத்திலே தொடர்ந்தது. 1998 முதல் மெக்சிக்கோவில் மரபணு மாற்றிய சோளத்தைப் பயிரிடுவதற்குத் தடையிருந்தது. அவ்வாறிருந்தும் வஹாக்கா மாநிலத்தின் மலைக் கிராமங்களிலே, உள்ளூர்ச் சோளத்தில் அத்தகைய மரபணுக்கள் கலந்துள்ளன என்று 2001இல் ஆய்வாளர் இருவர் வெளியிட்டனர். ஆய்வு முறைபற்றி வாதம் எழுந்ததாயினும், கிராமத்தவரின் ஐயம் எளிமையானது: உணவென இறக்குமதியான மணி நிலத்தில் விழுந்தால் விதையாகும். அவர்கள் செய்த முறைப்பாட்டின் பேரில், உடன்படிக்கையுடன் இணைந்து தோன்றிய சுற்றாடல் ஆணைக்குழுவே விசாரித்து, இறக்குமதிச் சோளத்தை எல்லையில் அரைத்து மாவாக்கலாம் என 2004இல் விதந்துரைத்தது. ஐக்கிய அமெரிக்க அரசு அவ்வறிக்கையை நிராகரித்தது. பின்னர் குடிமக்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கில், 2013இல் நீதிமன்றம் மரபணு மாற்றிய சோளத்தை வர்த்தக நோக்கில் விதைப்பதை இடைநிறுத்தியது. 2021இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது.

பழைய உடன்படிக்கையின் இடத்தை 2020 ஜூலையில் புதிய முத்தரப்பு உடன்படிக்கை பெற்றது. தோர்த்தியாவுக்கான மாவில் மரபணு மாற்றிய சோளம் சேர்வதைத் தடுத்து 2023இல் மெக்சிக்கோ பிறப்பித்த ஆணை, இப்புதிய உடன்படிக்கைக்கு முரணானது என 2024 டிசெம்பரில் நடுவர் குழு தீர்ப்பளித்தது. மெக்சிக்கோ பணிந்தது, ஆயினும் முற்றாகப் பணியவில்லை. 2025 மார்ச்சில், அச்சோளத்தைத் தன் மண்ணில் விதைப்பதற்கு எதிரான தடையை அது தனது அரசியலமைப்பிலேயே எழுதியது. இறக்குமதி தொடர்கிறது, விதை காக்கப்பட்டது. 1992இல் கமக்காரனின் நிலத்துக்குரிய காப்பை நீக்குவதற்குத் திறக்கப்பட்ட அதே அரசியலமைப்பு, 33 ஆண்டுகளின் பின்னர் அவனது விதைக்குக் காப்பளிப்பதற்காகத் திறக்கப்பட்டமை வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று எனலாம்.

இப்போராட்டத்தை வெற்றி, தோல்வி என்னும் இரு சொற்களுள் அடக்குதல் அரிது. தீர்வை திரும்பவில்லை; வடக்கே சென்ற மகன்மாருட் பலரும் திரும்பவில்லை. ஆயினும் வெறும் தீர்வை இலக்கமாகவிருந்த சோளத்தை, ஒரு தேசம் தனது அடிப்படைச் சட்டத்திற் பெயர்சொல்லிக் காக்கும் பொருளாக அவர்கள் மாற்றினர். பேச்சுவார்த்தை மேசையில் ஆசனம் வழங்கப்படாதவர்கள், பாலத்திலும் சதுக்கத்திலும் நீதிமன்றத்திலும் நின்று தமக்குரிய ஆசனத்தைத் தாமே இட்டுக்கொண்டனர். வர்த்தகம் மனிதகுலம் தோன்றிய காலந்தொட்டே உண்டு. மெக்சிக்கக் கமக்காரர் வர்த்தகத்தை வெறுத்தாருமல்லர். உண்போரையும் விதைப்போரையும் கேளாது அவர்களுடைய உணவைப் பற்றி எழுதப்படும் ஆவணம் எத்தனை அரசுகளின் முத்திரையைத் தாங்கியிருப்பினும் நிறைவுறாத ஆவணமே என்பதே அவர்களது வாதம். அவ்வாதத்துக்கு உரிய விடையை எந்த உடன்படிக்கையும் இன்னும் எழுதவில்லை.