துணியில் ஒட்டிய நீலம்

எங்கள் ஃபியட்டின் நிறம் என்ன என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். ஆர்.சி. புத்தகத்தில் நீலம் என்று போட்டிருந்தது. அம்மா அதைச் சாம்பல் என்பாள். அண்ணன் பள்ளிக்கூடத்தில் ஸ்கை ப்ளூ என்று சொல்லிவைத்திருந்தான். அப்பா மட்டும், வண்டியைத் துடைத்து முடித்த பழைய பனியனை உதறிக் காட்டி, "இதோ பாருங்க, இதுதான் நெஜக் கலரு" என்பார். பனியனில் அப்பியிருந்த நீலம் வண்டியில் இருந்ததைவிட அழுத்தமாகத்தான் இருக்கும்.

துவைக்கிற கல்லில் அம்மா அந்தப் பனியனைக் கும்மும்போது நீலத் தண்ணீர் வழிந்தோடி வேலியோரத்துக் கனகாம்பரப் பாத்தியில் இறங்கும். வேலி என்றால் முள்வேலி இல்லை. எங்கள் பக்கத்தில் வேலிக்கும் கல், வாசலுக்கும் கல், மாடு கட்டவும் கல். ஆளுயரக் கற்பலகைகளை வரிசையாக நட்டு நிறுத்தியிருப்பார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வண்டியில் கொஞ்சம் அந்தப் பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை, மாமாவைத் தவிர.

ஓசூர் அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-ல்தான் பிறந்தது. சிப்காட் தொழிற்பேட்டை வந்து, 1980-ல் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும் டி.வி.எஸ். 50 மொபெட்டும் வந்து, பின்னாலேயே டைட்டன் கடிகாரமும் வந்து, தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதும் கலந்து பேசிய சின்ன ஊருக்குள் ஷிப்ட் சங்கு புகுந்த காலம். அப்பா ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். மொபெட் வாங்க வேண்டிய சம்பளத்தில் பெங்களூரில் யாரோ கழித்துவிட்ட பிரீமியர் பத்மினியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பெயர்தான் பத்மினி. பம்பாய் குர்லாவில் செய்த அந்த வண்டியை ஊரே ஃபியட் என்றுதான் சொன்னது. கர்நாடக நம்பர் வேறு. அத்திப்பள்ளி தாண்டி அந்தப் பக்கம் போனால் அது உள்ளூர் வண்டி, இந்தப் பக்கம் வந்தால் அசலூர் வண்டி.

ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் கழுவி முடிக்க வேண்டும் என்பது அப்பா சட்டம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். மார்கழியில் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். இருந்தாலும் விடியலிலேயே குடம் குடமாக இறைத்து ஊற்றுவோம். ஒரு வாளி, அதில் ஒரு கைப்பிடி துணி சோப்புத் தூள், ஒரு பனியன். கூரையில் ஆரம்பித்து டயர் வரை அதே பனியன், அதே வாளி. டயரைத் துடைத்த பனியனை அலசிவிட்டு மறுபடி பானெட்டுக்கு வருவார் அப்பா. பக்கத்து வீட்டு டாக்ஸிக்கார அண்ணன் அதைவிடச் சுருக்கம். அரை வாளித் தண்ணீரில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, மஞ்சள் துணியை நனைத்து, அம்பாசிடரை ஒரே மூச்சில் துடைத்துவிடுவார். வண்டி மினுமினுக்கும். மத்தியானத்துக்குள் ரோட்டுப் புழுதி முழுவதும் அந்த எண்ணெய்ப் பசையில் வந்து உட்கார்ந்துவிடும். மறுநாள் காலையில் அந்தப் புழுதியோடு சேர்த்துத் தேய்ப்பார்.

அம்மாவின் தம்பி ஒரு கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்து எங்கள் வீட்டில் தங்க வந்தபோது இந்த ராஜ்ஜியம் ஆட்டம் கண்டது. முதல் சண்டை தலை எண்ணெய்க்காக. அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்பாள், மாமா தலையைக் கொடுக்க மாட்டார். பெயிண்ட் ஷாப்புக்குள் தலைக்கு எண்ணெய் கூடாது, முகத்துக்குப் பவுடர் கூடாது, நூல் பிரிகிற துணி கூடாது. ஈரப் பெயிண்டில் ஒரு துளி எண்ணெய்ப் பசை பட்டால் பெயிண்ட் அதை ஒட்டாமல் விலகி, நடுவில் குழி விழுந்து, மீன் கண் மாதிரி முழிக்குமாம். "ஒரு சொட்டு எண்ணெய்க்கு ஒரு கேபினையே தேய்ச்சு மறுபடி அடிக்கணும்க்கா" என்பார். பிறகு அவருக்குப் பெண் பார்த்தபோது, பரட்டைத் தலையோடு வந்த மாப்பிள்ளையைப் பெண்வீட்டார் சந்தேகமாகப் பார்த்தார்கள் என்று அத்தை இப்போதும் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பாவின் முறையை மாமா நேரடியாகக் குறை சொல்லவில்லை. அக்கா புருஷன் அல்லவா! "மாமா, ரெண்டு வாளி வெச்சுக்கலாமே" என்று மட்டும் கேட்டார். ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியில் ஏறின மண்ணை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் சோப்பு வாளிக்குப் போக வேண்டும். டயருக்குத் தனித் துணி, அதுவும் கடைசியில். துணியைத் தொடுவதற்கு முன் வண்டி முழுக்கத் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கிவிட வேண்டும். கீழே விழுந்த துணி மறுபடி வண்டிக்கு ஏறக் கூடாது. இந்தக் கடைசி விதியில் மாமா ராணுவம். துணி கை நழுவித் தரையைத் தொட்ட மறுகணம் பிடுங்கிக்கொள்வார். துணி சோப்பும் வேண்டாம் என்றார். அதன் காரம் அழுக்கோடு மெழுகையும் எடுத்துவிடுமாம். தலைக்குத் தேய்க்கிற ஷாம்பு தேவலையாம். சட்டைக்கும் வேட்டிக்கும் போடுவதை வண்டிக்குப் போட்டால் என்ன என்று அப்பா ரொம்ப நாள் முணுமுணுத்தார்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்டதற்கு, மாமா கீழே குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து என் உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினார். ஓசூர்ச் செம்மண்ணில் கண்ணுக்குத் தெரியாத கல் பொடி கலந்திருக்கிறது. கிருஷ்ணகிரிச் சாலையில் பாளம் பாளமாகக் கிரானைட் ஏற்றிக்கொண்டு லாரிகள் போகும். பக்கத்து மலைகளில் வெடி வைத்த தூள் காற்றில் வரும். கிரானைட்டில் இருக்கிற பளிங்குக் கல்லான குவார்ட்ஸ், இரும்பையே கீறும். பெயிண்ட் எம்மாத்திரம்? கம்பெனியில் அடித்து வருகிற அத்தனை பூச்சும் சேர்ந்தாலே சுமார் 100 மைக்ரான். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70. ஒன்றரை முடி கனத்தைத்தான் நாம் வாரா வாரம் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் அண்ணனையும் என்னையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு கிரானைட் பாலிஷ் போடுகிற ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். தகரக் கூரைக்குக் கீழே கறுப்புக் கல் படுத்திருந்தது. தண்ணீர் விடாமல் ஓட, மேலே தேய்ப்புத் தலை சுழன்றது. முதலில் முரட்டுக் கல், பிறகு அதைவிட நைஸ், பிறகு இன்னும் நைஸ். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அதே கல் வேறு கல்லாகி, கடைசியில் கூரையின் ஓட்டை வழியாக வந்த வெளிச்சம் அதில் தெரிந்தது.

"இதுமேல என்ன பூசினாங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்றார் மாமா.

"ஒண்ணும் பூசலியே."

"அப்புறம் எப்படி மின்னுது?"

அண்ணன் முழித்தான். நான் காலடியில் பார்த்தேன். வெள்ளையாக, குழம்பாக, கல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கனகாம்பரப் பாத்திக்குப் போகிற தண்ணீர் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வெயில் பெயிண்டின் பசையைக் கொல்கிறது. பசை போனால் நிறப்பொடி மட்டும் மேலே சுண்ணாம்பு போல் நிற்கும். எங்கள் வண்டி காலத்துப் பெயிண்டுக்கு மேலே இப்போது இருக்கிற கண்ணாடி போன்ற கிளியர் கோட் கிடையாது. அதனால் துணியில் நிறமே வரும். கடையில் விற்கிற ரப்பிங் காம்பவுண்டை வைத்துத் தேய்த்தால் அந்தச் செத்த தோல் உரிந்து, அடியில் இருக்கிற உயிருள்ள பெயிண்ட் மின்னும். பாலிஷ் எடுக்கும், மெழுகு வைக்கும். மாமா எங்களுக்குச் சொன்ன வேதம் இதுதான். இன்றைக்கும் பாதிப் பேர் இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடைக்காரர்களும் அதைத் திருத்துவதாக இல்லை.

அப்பா அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். தீபாவளிக்குத் தீபாவளி காம்பவுண்ட் டப்பாவைத் திறந்து, தோள்பட்டை நோகத் தேய்ப்பார். சமதளத்தில் ஒன்றும் ஆகாது. ஆனால் பானெட்டின் மடிப்பிலும், பின்பக்கம் ஃபியட்டுக்கே உரிய அந்தச் சின்ன வால் முனையிலும் பெயிண்ட் இயல்பிலேயே மெலிந்திருக்கும், கை அழுத்தமும் அங்கேதான் கூடுதலாக விழும். இரண்டு மூன்று தீபாவளிக்குள் வால் முனையில் சிவப்பு பிரைமர் எட்டிப்பார்த்தது. "பளபளன்னு இருக்கா இல்லையா?" என்று கேட்பார் அப்பா. பளபளவென்றுதான் இருந்தது.

மெழுகு டப்பா மாமாவின் பொறுப்பு. பிரேசிலில் விளைகிற கார்னாபா என்ற பனையின் ஓலையிலிருந்து சுரண்டுகிற மெழுகு அதில் இருக்கிறதாம். ஓலை வெயிலில் காயாமல் இருக்கப் பனை தனக்குத் தானே பூசிக்கொள்கிற மெழுகு, நம் வண்டியையும் காயாமல் வைக்கும் என்பார். துணியில் சுண்டு விரல் நுனி அளவு எடுத்து, வட்ட வட்டமாகத் தடவி, வெளுத்துக் காய்ந்ததும் வேறு துணியால் எடுத்துவிட வேண்டும். நிறைய அப்பினால் நிறையக் காக்கும் என்பதெல்லாம் இல்லை. மிஞ்சினது புழுதிக்குத்தான் விருந்து. மழை வந்தால் அண்ணனும் நானும் திண்ணைக்கு ஓடிப்போய்ப் பார்ப்போம். மெழுகு வைத்த இடத்தில் தண்ணீர் உருண்டு மணி மணியாக நிற்கும், வைக்காத இடத்தில் பாயாகப் படியும். எங்கள் போர்வெல் தண்ணீரானால் அந்த மணி காய்ந்த இடத்தில் வெள்ளை வட்டம் விழும். உப்புத் தண்ணீர். அதனால் கடைசி வாளி மட்டும் அண்டாவில் பிடித்துவைத்த மழைத் தண்ணீர்.

ஒரு சமயம் வண்டி முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பொடிப் பொடியாகப் புள்ளி. பெயிண்டே துருப்பிடித்துவிட்டது என்று அப்பா இடிந்து உட்கார்ந்தார். மாமா சிகரெட் பெட்டியின் மேலே சுற்றி வருகிற கண்ணாடித் தாளை விரலில் போட்டுக்கொண்டு பானெட்டைத் தடவினார். என்னையும் தடவச் சொன்னார். வெறும் விரலுக்கு வழுவழுப்பு. தாளுக்கு மேலே தடவினால் உப்புத்தாள் மாதிரி நறநறவென்றது. அப்பாவின் கம்பெனியில் வண்டி நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் கிரைண்டிங் ஷெட். இரும்புத் தூள் சூடாகப் பறந்து வந்து, பெயிண்டில் ஒட்டி, பனியில் துருப்பிடித்திருக்கிறது. "துரு நம்முது இல்ல மாமா, கம்பெனியோடது" என்றார். மொசைக் தரை பாலிஷ் போடுகிறவரிடம் கொஞ்சம் ஆக்ஸாலிக் பவுடர் வாங்கிவந்து, தண்ணீரில் கரைத்து, ஈரத் துணியாகக் கொஞ்ச நேரம் போர்த்திவைத்து, பிறகு குடம் குடமாக ஊற்றிக் கழுவினார். அது விஷம் என்பதால் அம்மா எங்களை வாசற்படி தாண்ட விடவில்லை. புள்ளிகள் போயிருந்தன.

ஆயுத பூஜை மட்டும் மாமாவின் சட்டத்துக்குக் கட்டுப்படாது. ஓசூரில் அது கம்பெனிப் பண்டிகை. லாரி, பஸ், கடைசல் இயந்திரம், தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது, காரம் உள்ளது. ராத்திரியே துடைத்துவிட வேண்டும் என்று மாமா கெஞ்சுவார். சாமிக்கு வைத்ததை ராத்திரியில் யாராவது துடைப்பார்களா என்று அம்மா விட மாட்டாள். பானெட்டில் மூன்று பொட்டும் நிரந்தரமாகத் தங்கிவிட்டன. டயருக்கு வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கி வண்டி நகரும்போது அம்மா கண்களை மூடிக் கும்பிடுவாள், மாமா பொட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் பாகலூர் ரோட்டில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்த பாயிடம் போனது வண்டி. அவர் விரலால் வால் முனையைத் தட்டிவிட்டு, "ரொம்ப நல்லா பாத்துக்கிட்டீங்க சார். இனிமே பாத்துக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல" என்றார். டூக்கோ அடிக்கலாம் என்றார். 1923-ல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி கொண்டுவந்த பெயிண்டின் பெயர் அது. அதற்கு முன் காருக்கு வார்னிஷ் காய வாரக்கணக்கில் ஆகும். டூக்கோ சில மணி நேரத்தில் காய்ந்தது. அந்தப் பெயர் நம் பட்டறைகளில் எந்த ஸ்பிரே பெயிண்டுக்கும் பொதுப் பெயராகிவிட்டது. பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டு, தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு பாய் அடித்தார். அம்மா சொன்னதால் வெள்ளை. அதற்குப் பிறகு துணியில் நீலம் வரவில்லை, வெள்ளை வந்ததா என்று பார்க்க எனக்கும் வயது தாண்டியிருந்தது.

மாமா ரிட்டையர் ஆகிவிட்டார். இப்போது தலைக்கு எண்ணெய் வைக்கிறார், வைக்கத்தான் முடி போதவில்லை. அண்ணன் புதிதாக வாங்கின காருக்கு செராமிக் கோட்டிங் போட அவரையும் கூட்டிப்போயிருந்தான். 9எச் கடினம், கீறலே விழாது என்றான் கடைப் பையன். அந்த 9எச் பென்சில் கணக்கு, கல் கணக்கு இல்லை. பென்சிலால் கீறினால் விழாது, ஓசூர் மண்ணால் தேய்த்தால் விழும். நல்ல பொருள்தான், மெழுகைவிட நாள் பிடிக்கும். ஆனால் சொல்கிற விலைக்கு அந்த உண்மையையும் சேர்த்துச் சொல்லலாம். பையன் துப்பாக்கி மாதிரி ஒன்றால் வண்டி முழுக்க நுரை பீய்ச்சினான். "கெலவரப்பள்ளி டேம் மாதிரி இருக்கே" என்றார் மாமா. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகக் கழிவும் சோப்பும் தென்பெண்ணையில் கலந்து வந்து, அணை மதகுகளில் நுரை மலையாகக் குவிவதை ஊரே பார்த்திருக்கிறது. பையன் சிரித்தான், அவன் ஊரும் அந்தப் பக்கம்தானாம்.

துடைக்கும்போது அவன் கையிலிருந்து மைக்ரோஃபைபர் துணி நழுவித் தரையில் விழுந்தது. அவன் குனிந்து எடுத்து உதறினான்.

"தம்பி," என்றார் மாமா, "வேற துணி எடுத்துக்குங்க."

"புதுசு சார் இது, இப்பத்தான் பிரிச்சேன்."

"இருக்கட்டும். அதை டயருக்கு வெச்சுக்குங்க."

பையன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் எழுந்துபோய் அலமாரியிலிருந்து வேறொரு துணியை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தான்.