அம்பேத்கர் சாலையைக் கடந்த மணி

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மாட்டுங்காவைப் பற்றி எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஆயினும், நம் கண்ணுக்குப் பழகிய அதே தெருக்களைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் உலவும் ஒரு ஜீவன் எவ்வாறு காண்கிறது என்பதைச் சென்ற ஆண்டுதான் நாங்கள் அறிந்துகொண்டோம். அந்த அனுபவத்தையே இங்கு எழுதுகிறோம்.

1896-இல் இந்நகரைப் பிளேக் நோய் வாட்டியது. அதன் விளைவாக 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் நிறுவப்பட்டது. அகன்ற தெருக்களும் மரநிழலும் காற்றோட்டமும் அமைய வேண்டுமென்று அது வகுத்த பகுதிகளுள் தாதரும் மாட்டுங்காவும் அடங்கும். பண்டார்கர் சாலையிலும் தெலங் சாலையிலும் அந்த நிழல் இன்றும் எஞ்சியிருக்கிறது. விடியற்காலையில், பூக்கடைகளில் மல்லிகை வந்திறங்கும் வேளையில் அங்கு நடந்தால், நம் ஊரின் மாடவீதியோ என்று மனம் மயங்கும்.

கிழக்கே நடந்து டாக்டர் அம்பேத்கர் சாலையை அடைந்ததும் அம்மயக்கம் தெளிந்துவிடும். டிராம் வண்டிகள் 1964 மார்ச் 31-ஆம் நாளோடு இந்நகரை விட்டு மறைந்தன. டீசலில் ஓடிய இரட்டைமாடி பஸ்கள் 2023-இல் விடைபெற்றன. மறையாதிருப்பது ஹாரன் ஒலி ஒன்றே. சிக்னலில் நிற்போர் எழுப்பும் ஒலி 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் ஓர் ஏற்பாட்டை மும்பைப் போக்குவரத்துப் போலீசார் சில சந்திப்புகளில் சோதித்து, 2020 ஜனவரியில் அதனை ஒரு படமாக வெளியிட்டார்கள் என்றால், தொல்லையின் அளவை ஊகிக்கலாம். அந்தச் சாலைக்கு அப்பால்தான் ‘ஃபைவ் கார்டன்ஸ்’ எனும் ஐந்து தோட்டங்கள் இருக்கின்றன. காலாற நடக்க அதைவிட நல்ல இடம் எங்கள் வட்டாரத்தில் இல்லை.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் தாயார் காலமானார். தாமிரபரணிக் கரையிலுள்ள வீட்டைப் பூட்டிக்கொண்டு தந்தையார் எங்களோடு வந்து சேர்ந்தார். அவருடன் வந்தது மணி. தாயார் கையால் நான்கு ஆண்டுகள் சோறுண்டு வளர்ந்த சிறிய நாட்டு நாய் அது. அதனை விட்டுவிட்டு வருவதாயின் தாம் வரவே போவதில்லை என்று அவர் கூறிவிட்டார்.

மணி ரயிலைப் பொறுத்துக்கொண்டது, மாடிப்படியைப் பொறுத்துக்கொண்டது. பெருஞ்சாலையை மட்டும் அதனால் பொறுக்க இயலவில்லை. பஸ் ஒன்று உறுமிச் சென்றால் வாலை இடுக்கி, காதுகளைப் பின்னே மடித்து, மூச்சு வாங்கித் தரையோடு தரையாகப் படுத்துவிடும். நாங்களோ அறியாமையால், “பழகினால் சரியாகிவிடும்” என்று கழுத்துப் பட்டையைப் பற்றி இழுத்தோம். ஒரு மாலையில் அது பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு சாலைக்குள்ளேயே பாய்ந்தது. டாக்சிக்காரர் ஒருவர் சட்டென்று பிரேக் போட்டிராவிட்டால் இக்கட்டுரைக்கு வேலையே இராது.

அன்றிரவு தந்தையார் உணவு கொள்ளவில்லை. “எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்துவிடுங்கள். இந்த ஊர் எங்களுக்கு ஒத்துவராது” என்றார். அவரும் வந்த நாளிலிருந்து அச்சாலையைக் கடக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மறுநாளே கால்நடை மருத்துவரிடம் சென்றோம். காதில் நோவு ஏதும் உண்டா என்று முதலில் சோதித்தபின் அவர் விளக்கியதாவது: மனிதச் செவி ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாயின் செவியோ சுமார் 45,000 வரை கேட்கும். நமக்கு எட்டாத பிரேக்கின் கீச்சொலியும் அதற்கு எட்டும். புகைக்குழாயோ அதன் மூக்கின் மட்டத்திலேயே இருக்கிறது. பிறந்த மூன்றாம் வாரம் முதல் சுமார் பதினான்காம் வாரம் வரை நாய்க்குட்டி எவற்றைக் கண்டு பழகுகிறதோ அவற்றை எளிதில் ஏற்கும். அதன்பின் புதியதொன்றை ஏற்கப் பொறுமையான பயிற்சி வேண்டும்.

இம்முறை நாய்க்கென்றே தோன்றியதன்று. மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளநூலார் 1924-இல் வெளியிட்ட ஆய்வில், முயலைக் கண்டு அஞ்சிய ஒரு குழந்தை பிரியமான தின்பண்டத்தை உண்டுகொண்டிருக்கையில் முயலைத் தொலைவில் வைத்து, நாளடைவில் சிறிது சிறிதாக நெருக்கிக் கொணர்ந்து, இறுதியில் குழந்தை அதனைத் தடவிக்கொடுக்கும்படி செய்த வரலாறு காணப்படுகிறது.

நாங்களும் அவ்வாறே தொடங்கினோம். கழுத்துப் பட்டையை நீக்கி, நழுவாத மார்புப் பட்டை வாங்கினோம். நெரிசலற்ற அதிகாலையில், பெருஞ்சாலையிலிருந்து நூறு தப்படி தொலைவிலுள்ள தெருமுனையில் தந்தையாரும் மணியும் நிற்பர். தூரத்தில் பஸ் தென்பட்டதும் ஓர் இட்லித் துண்டு. லாரியென்றால் சிறிது பனீர். முதலில் வண்டி, பிறகே தின்பண்டம். இந்த வரிசை மாறலாகாது. மாறினால் வண்டி நல்லதாகத் தோன்றுவதற்குப் பதில் இட்லியே ஐயத்திற்குரியதாகிவிடும். கொடுத்ததை மணி உண்ண மறுத்தால் மிக நெருங்கிவிட்டோம் என்று பொருள். உடனே பின்வாங்க வேண்டும். அது தானாக முன்னே செல்ல விரும்பினாலன்றி ஓரடியும் நகர்வதில்லை. அது அஞ்சும்போது அருகிலமர்ந்து தடவிக்கொடுப்பதால் அச்சம் வளர்ந்துவிடாது என்பதையும் மருத்துவர் தெளிவுபடுத்தியிருந்தார். தந்தையாருக்கு அது பெரிய ஆறுதலாயிற்று.

புரட்டாசி முடிவதற்குள் நூறு தப்படி முப்பதாகக் குறைந்தது. பின் தீபாவளி வந்தது. வெடிச்சத்தத்தில் எல்லாம் பாழாயிற்று. மணி கட்டிலடியை விட்டு வெளிவரவில்லை. சில நாள் முற்றிலும் ஓய்வு கொடுத்துவிட்டு, மீண்டும் நூறாம் தப்படியிலிருந்தே தொடங்கினோம். எங்களுக்குச் சலிப்பு ஏற்பட்டதுண்டு, தந்தையாருக்கு இல்லை. அதற்குள் பூக்காரரும் பால்காரரும் அவருக்கு நண்பர்களாகியிருந்தனர். மராத்தியில் பத்துச் சொற்கள் கற்றிருந்தார். இட்லி வேகும் முன்பே சட்டையணிந்து தயாராக நிற்பார்.

தை மாதத்தில் ஒரு நாள் பச்சை விளக்குக்காக மூவரும் சாலையோரம் நின்றோம். ஒரு பஸ் எதிரிலேயே வந்து நின்று பெருமூச்செறிந்தது. மணி அதனை ஏறிட்டு நோக்கிவிட்டுத் தந்தையாரின் கையை நோக்கியது. “வாடா” என்றார் அவர். மேம்பாலத்தின் நிழலைத் தாண்டி அப்பால் சென்றடைந்தபோதுதான், அவருடைய மற்றொரு கை எங்கள் தோளை இறுகப் பற்றியிருந்ததை உணர்ந்தோம். ஐந்து தோட்டங்களைச் சுற்றிய நடைபாதையில், மழைமரங்களின் கீழ், இருவரும் அன்று நெடுநேரம் நடந்தார்கள்.

ஊரிலிருந்து பெரியவர்களை அழைத்துவரும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு. அவர்களை ஒரே நாளில் இந்நகருக்குப் பழக்கிவிட எண்ணி இழுக்கிறோம்; அவர்கள் மறுத்தால் பிடிவாதம் என்கிறோம். நூறு தப்படிக்கு அப்பால் நின்று, உடனிருந்து, அவர்களாக முன்வரும்வரை காத்திருக்க நமக்கு நேரமிருப்பதில்லை. எங்களுக்கும் அந்த நேரம் மணிக்காகத்தான் கிடைத்தது.

டிக்கெட்டைப் பற்றிய பேச்சு இப்போது எங்கள் வீட்டில் எழுவதில்லை. காலையில் இரண்டு இட்லி மட்டும் கூடுதலாக வார்க்கிறோம்.