காற்றுக்குக் காத்திருக்கும் ஊர்

ஹூட் ரிவர், ஒரிகன்
ஏப்ரல் இறுதி



அமெரிக்காவின் வடமேற்கில், ஒரிகன், வாஷிங்டன் ஆகிய இரு மாநிலங்களுக்கு எல்லையாக ஓடும் கொலம்பியா ஆறு, காஸ்கேட் மலைத்தொடரைக் குறுக்கே அறுத்து, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நீளமும் சில இடங்களில் 1,200 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு பள்ளத்தாக்கை உண்டாக்கியிருக்கிறது. அதன் நடுப்பகுதியில், தென்கரையில், ஹூட் மலையிலிருந்து இறங்கிவரும் சிற்றாறு பேராற்றோடு கலக்கும் இடத்தில் ஹூட் ரிவர் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. பேரித் தோட்டங்கள் வெண்பூ பூத்து நிற்கும் ஏப்ரல் மாதத்தில் இங்கு வந்திறங்கும் பயணியின் காதில் முதலில் விழுவது வானிலைப் பேச்சுத்தான். ஆற்றில் பிற்பகல் எத்தனை மைல் வேகத்தில் காற்று வீசும், மலையில் எத்தனை அடி உயரத்துக்கு மேல் பனி பெய்யும் என்னும் இரண்டு கேள்விகளும் நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்கப்படுகின்றன. காப்பிக் கடையில் பணம் வாங்குபவர்கூடக் காற்றின் வேகத்தைச் சொல்லிய பிறகே விலையைச் சொல்லுகிறார். அந்த விலைக்குக் கிடைப்பது ஒரு வாளி அளவு கசப்பு நீர் என்பதும், அதை வாங்கிக் கையில் ஏந்தி நிற்கும் கோவைக்காரருக்குப் பித்தளை டபராவின் நினைவு வராமல் போகாது என்பதும் இங்குச் சொல்லத்தக்கவை.

பல்லடம், உடுமலை வட்டாரத்து வாசகர்க்கு இக்காற்றின் இயல்பை நெடிது விளக்க வேண்டியதில்லை; நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே திறந்துகிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் ஆனி, ஆடி மாதங்களில் செய்வதையே இப்பள்ளத்தாக்கும் செய்கிறது. இருபுறமும் மலை தடுத்து நிற்க, இடையில் ஒரு வழி மட்டும் திறந்திருந்தால், அழுத்தம் மிகுந்த பக்கத்துக் காற்று அழுத்தம் குறைந்த பக்கத்தை நோக்கி அவ்வழியே விரைந்து பாயும். இதனைக் கணவாய்க் காற்று எனலாம். வேறுபாடு என்னவெனில், பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமானது, இங்கோ வழி ஆற்றின் அளவுக்குக் குறுகிவிடுகிறது. அன்றியும் காஸ்கேட் தொடரில் ஏறக்குறையக் கடல்மட்டத்திலேயே அமைந்த ஒரே ஊடுவழி இதுவாகும். வசந்தம் தொடங்கிக் கோடை முடியும்வரை பசிபிக் கடல்மேல் உயர் அழுத்தம் தங்கியிருக்க, மலைக்குக் கிழக்கே உள்ள வறண்ட நிலம் வெயிலில் காய்ந்து அழுத்தம் குறைவதால், காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. குளிர்காலத்தில் கிழக்குச் சமவெளியில் குளிர்ந்து கனத்த காற்று தேங்கி, அதே வழியில் எதிர்த்திசையில் வழிகிறது. ஏப்ரல் இவ்விரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட மாதமாதலால், அதன் காற்றைக் கணிப்பது கடினம். கணித்தவரைப் பழிப்பது எளிது.

பழிக்கும் அந்த எண்ணம், முன்னறிவிப்பை நம்பி ஆற்றங்கரைக்குப் போய் நிற்கும் எந்தப் புதியவருக்கும் எழக்கூடியதே. நண்பகலுக்கு மேல் மணிக்கு 25 மைல் காற்று என்று காலையில் அறிவிக்கப்பட்டிருந்தது. வண்டி நிறுத்தக் கட்டணம் கொடுத்துக் கரைக்குச் சென்ற பயணிக்குக் காணக்கிடைத்தது, கூரைமேல் பலகைகளைக் கட்டிய வேன்களின் நீண்ட வரிசையும், அவற்றின் பின்கதவுகளில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து ஆற்றையே பார்த்திருந்த ஆண்களும் பெண்களுமே. நீரில் ஒருவரும் இல்லை. விண்ட்சர்ஃபிங் என்பது பலகைமேல் நின்று, அதில் நாட்டிய பாயைக் கையால் பிடித்துக் காற்றில் ஓடும் விளையாட்டு. கைட்போர்டிங் என்பது பாய்க்குப் பதிலாகப் பெரிய பட்டம் ஒன்று ஆளை இழுத்துச் செல்வது. இரண்டையும் காண வந்தவர், காற்றடிக்காத ஆற்றங்கரையில், பனிமலையிலிருந்து இறங்கும் குளிரில், பொழுது சாயுமட்டும் காலை மாற்றி மாற்றி நின்றதுதான் மிச்சம். அங்கிருந்தவர் எவரும் முகம் சுளிக்கவில்லை என்பது அந்த எரிச்சலை இருமடங்காக்கியது.

அவர்களுள் தலை நரைத்த ஒருவர், நடுங்கிக்கொண்டிருந்த அயலாருக்கு இரங்கிப் போலும், வேனிலிருந்து ஒரு கம்பளியை எடுத்துக் கொடுத்துவிட்டு, கைபேசியில் தாம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு எண்களைக் காட்டினார். மேற்கே நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள போர்ட்லண்டில் பதிவான காற்றழுத்தம் ஒன்று. கிழக்கே பள்ளத்தாக்கின் மறுமுனைப் பக்கமுள்ள தி டாலஸ் நகரில் பதிவானது மற்றொன்று. காற்றழுத்தம் மில்லிபார் என்னும் அலகால் அளக்கப்படுவது. கடல்மட்டத்தில் அதன் சராசரி ஏறத்தாழ 1,013. மேற்கிலுள்ள எண் கிழக்கிலுள்ளதைவிடச் சில மில்லிபார் மிகுந்தாலே ஆறு நுரைத்தெழும் என்றும், அன்று காலையில் இருந்த வேறுபாடு மேகம் கிழக்கேயும் பரவிவிட்டமையால் வளராமல் நின்றுவிட்டது என்றும் அவர் விளக்கினார். மேற்கே மேகமும் கிழக்கே வெயிலும் இருந்தால்தான் ஒருபுறம் குளிர்ந்து மறுபுறம் காயும். இருபுறமும் மூடிக்கொண்டால் காற்றுக்கு ஓடவேண்டிய தேவை இல்லை. 25 மைல் என்ற எண்ணைப் பொய் என்று அவர் சொல்லவில்லை. கிழக்கே வெயில் வந்தால் என்னும் நிபந்தனையோடு சேர்ந்த எண் அது என்றே சொன்னார்.

எண்ணில் ஐந்து மைல் பிசகினால் என்ன என்று கரையில் நிற்பவர் கேட்கலாம். காற்று பாயின்மேல் செலுத்தும் விசை வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்வதால், 20 மைலுக்கும் 25 மைலுக்கும் இடையே விசை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. 15 மைல் 30 மைலானால் நான்கு மடங்காகிறது. ஆகவே ஒருவர் ஆறு சதுர மீட்டர் பாயும், நான்கு சதுர மீட்டர் பாயும், இடைப்பட்டவையும் வண்டியில் ஏற்றி வருகிறார். எதை விரிப்பது என்ற வழக்கு நீரில் இறங்கும் கணம்வரை தீர்வதில்லை. இவ்வூரார் நல்ல நாளொன்றை நினைவுகூரும்போதும் காற்றின் வேகத்தால் அன்றி, அன்று விரித்த பாயின் அளவாலேயே குறிப்பிடுகின்றனர். ஆறு மேற்கு நோக்கி ஓட, காற்று கிழக்கு நோக்கி அடிப்பதால் அலை செங்குத்தாக எழும்புகிறது. பாய் சாய்ந்து விழுந்தவரை நீரோட்டம் காற்றுக்கு எதிர்த்திசையில் மீட்டுக் கொணர்வதால் அவர் வெகுதொலைவு அடித்துச் செல்லப்படுவதுமில்லை. இயற்கை இத்தனை வசதியாக ஒரு விளையாட்டு மைதானத்தை வேறெங்கும் அமைத்திருக்குமா என்பது ஐயமே. ஆயினும் ஏப்ரல் நீர் உருகிய பனியின் நீர். வெட்சூட் என்னும் தடித்த ரப்பர் உடையின்றி விழுந்தவருக்குச் சில நிமிடங்களிலேயே விரல்கள் வசமிழக்கும்.

கைட்போர்டிங் ஆடும் பட்டக்காரர்கள் நீரில் இறங்குவது ஒரு மணல்திட்டிலிருந்து; அதன் வரலாறு இவ்விடத்தில் தானாகவே நினைவுக்கு வருகிறது. 2006 நவம்பரில் பசிபிக்கிலிருந்து நெடிய ஆறுபோல் நீராவியைச் சுமந்துவந்த மழைப்பட்டை ஒன்று ஹூட் மலைமேல் கொட்டியபோது, எலியட் பனியாற்றுப் பகுதியிலிருந்து பாறையும் சேறும் பெயர்ந்து சிற்றாற்றின் வழியே இறங்கி, அதன் முகத்துவாரத்தில் பெருந்திட்டாகப் படிந்தன. ஊருக்கு அது அழிவு. பட்டக்காரர்களுக்கு அது பட்டம் விரிக்கத் தக்க வெளி. வசந்தத்தில் ஆற்றின் மேற்பகுதி மலைகளில் பனி உருகி ஆறு பெருகும்போது அத்திட்டில் ஒரு பகுதி மூழ்குகிறது. எனவே ஆற்றில் விளையாடுபவரும் மலைப்பனியின் கணக்கைப் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது.

அக்கணக்கு எடுக்கப்படும் முறை வியப்புக்குரியது. அமெரிக்க வேளாண் துறையின் ஒரு பிரிவு நடத்தும் ஸ்னோடெல் என்னும் வலைப்பின்னலில், மேற்கு மலைகள் எங்கும் 900க்கும் மேற்பட்ட தானியங்கி நிலையங்கள் உள்ளன. உறையாத நீர்மம் நிரப்பிய அகன்ற மெத்தை ஒன்று தரையில் கிடக்க, அதன்மேல் விழும் பனியின் எடை நீர்மத்தை அழுத்துகிறது. அவ்வழுத்தத்திலிருந்து, பனி முழுதும் உருகினால் எவ்வளவு நீர் நிற்கும் என்பது கணிக்கப்படுகிறது. இதுவே நீர்ச்சமம் எனப்படுவது. கைபேசிக் கோபுரங்கள் இல்லாத தொடக்க காலத்தில், எரிகற்கள் வானில் விட்டுச்செல்லும் மின்னூட்டத் தடங்களில் வானொலி அலையை மோதித் திருப்பியே இந்நிலையங்கள் தம் எண்களை அனுப்பின. உழவருக்கும் அணைக்காரருக்கும் ஏற்பட்ட இந்த ஏற்பாட்டைப் பனிச்சறுக்கு வீரர் காலை எழுந்ததும் பார்ப்பது, பிறர் வீட்டு விருந்தில் முதல் பந்தியில் அமர்வதை ஒக்கும்.

மலைக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். தென்சரிவில் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், பெருமந்தக் காலத்து வேலைவாய்ப்புத் திட்டத்தில் கட்டப்பெற்று 1937இல் அதிபர் ரூஸ்வெல்ட்டால் திறந்துவைக்கப்பட்ட டிம்பர்லைன் விடுதி உள்ளது. அங்கே வாதம் வேறு. காற்றின் வெப்பநிலை சுழியமாக இருக்கும் உயரம் உறைமட்டம். பனித்துகள் உருகுவதற்குள் அதற்குக் கீழே ஏறத்தாழ 300 மீட்டர் விழுந்துவிடுமாதலால், பனி தரையில் படியத் தொடங்கும் உயரம், அதாவது பனிமட்டம், உறைமட்டத்துக்குத் தாழ்வாக இருக்கும். பனிமட்டம் 1,500 மீட்டர் என்றால் விடுதி வாசலில் பனி, 2,000 மீட்டர் என்றால் மழை. மழையில்லாத நாளிலோ முந்தைய இரவின் வானமே முடிவு செய்கிறது. மேகமற்ற இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, காற்று சுழியத்துக்குச் சற்று மேலே இருந்தால்கூட, இறுகிவிடும். காலை வெயிலில் அதன் மேற்பரப்பு மட்டும் இளகி, பரல்போன்ற மணிகளாகிச் சறுக்குவதற்கு இதமாகும். மேகம் மூடிய இரவில் அது இறுகுவதில்லை. மறுநாள் சறுக்குபவர் முழங்கால்வரை கஞ்சியில் புதைகிறார், செங்குத்துச் சரிவுகளில் ஈரப்பனி பெயர்ந்து சரியவும் செய்யும். குளிர்காலம் முழுவதும் நாள்தோறும் வரும் பனிச்சரிவு எச்சரிக்கை வசந்தம் முதிர்ந்ததும் நின்றுவிடுவதால், உறைந்ததா இல்லையா என்பதை அவரவரே அறிந்துகொள்ள வேண்டும்.

ஆற்றில் பாய் விரிப்பவரும் மலையில் சறுக்குபவரும் பெரும்பாலும் ஒரே ஆட்கள் என்பதும், அவர்களுடைய இரு ஆசைகளும் ஒரே நாளில் கைகூடுவது அரிது என்பதும் இவ்வூரின் நகைப்புக்குரிய நிலை. குளிர்முகப்பு, அதாவது முன்னேறிவரும் குளிர்ந்த காற்றின் விளிம்பு, கடந்த பின் ஆற்றில் மேல்காற்று சீறும், மலையில் புதுப்பனி வீசும். வானம் தெளிந்து மலை இனிதாகும் நாளில் ஆறு கண்ணாடியாகக் கிடக்கும். வானம் தெளிந்த அத்தகைய இரவுகளில் பேரிப்பூ கருகாமலிருக்க உழவர்கள் தோட்டங்களில் பெரும் விசிறிகளை ஓட்டி, மேலே நிற்கும் சூடான காற்றைக் கீழே இறக்குகின்றனர். அந்த இரைச்சலில் விருந்தினர் உறங்க இயலாது என்பது விடுதிக்காரர் முன்கூட்டிச் சொல்லாத செய்தி.

காற்றடிக்காத கரையிலும் எவரும் முகம் சுளிக்காத அந்தப் பொறுமைக்குக் காரணம் இங்குள்ளோரின் குணம் அன்று, அவர்கள் படிக்கும் முன்னறிவிப்பின் வடிவம் என்றே கருத இடமுண்டு. தேசிய வானிலைச் சேவையின் போர்ட்லண்ட் அலுவலகம், எண்களோடு நில்லாமல், அவற்றை ஏன் தேர்ந்தது, எதில் உறுதி குறைவு, எது மாறினால் கணிப்பு மாறும் என்பவற்றை உரைநடையில் எழுதி நாள்தோறும் வெளியிடுகிறது. கரையில் கம்பளி தந்தவர் சொன்ன நிபந்தனையும் அவ்வகையினதே. நம்மூரில் “ஓரிரு இடங்களில் மழை” என்பதைக் கேட்டுச் சிரிப்பவர் பலர், அத்தொடர் ஒரு வட்டாரத்து மழைமானிகளுள் கால் பங்குக்கு மேற்படாதவற்றில் மழை பதிவாகும் என்ற வரையறுத்த பொருளுடையது என்பதை அறியார். செய்தியில் கேட்கும் அறிவிப்பில் அது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

எனவே, நம் கணவாய்க் காற்றையும் இவ்வாறு காரணத்தோடு அறியும்பொருட்டு, கோவை, பாலக்காடு வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். வரும் ஜூன், ஜூலையில் இரு ஊர்களின் கடல்மட்டத்துக்குத் திருத்திய காற்றழுத்தத்தையும், பல்லடம் சாலையில் காற்று எழும் நேரத்தையும் எவரேனும் நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் பதிந்து, பருவம் முடிந்ததும் இவ்விதழுக்கு அனுப்பி உதவுக.