இஷியின் வில்

நீட்டிய கையிலிருந்து மறுபக்க இடுப்பு வரை. ஒரு வில்லுக்கு இஷி எடுத்த நீள அளவு இவ்வளவுதான். நாடா பிடித்துப் பார்த்தவர்கள் 42 அங்குலம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனா அது அவருடைய உடம்பின் கணக்கு. நீங்கள் செய்தால் வேறு நீளம் வரும்.

இஷி வட கலிபோர்னியாவின் யாஹி மக்களில் கடைசியாக எஞ்சியவர். வெள்ளைக் குடியேறிகள் நடத்திய படுகொலைகளில் இனமே அழிய, மிஞ்சிய சிலபேரோடு மலைக்குள் ஒளிந்து வாழ்ந்தார். அவர்களும் போன பிறகு, 1911 ஓகஸ்டில், ஒரோவில் நகருக்குப் பக்கத்தில் மாடு அடிக்கிற கொட்டில் ஒன்றடியில் பசியோடு பிடிபட்டார். மானிடவியலாளர்கள் அவரைச் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கூட்டிப்போய் நூதனசாலையிலேயே தங்க வைத்தார்கள். அங்கே துப்புரவு வேலை. ஞாயிறுகளில், பார்க்க வருகிற சனத்துக்கு முன்னால் அம்புமுனை செதுக்கிக் காட்டவும் வேணும். தன் சொந்தப் பெயரை அவர் கடைசிவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. 'இஷி' என்றால் அவர்களுடைய மொழியில் மனிதன். அந்தப் பெயரை வைத்தவர் அல்பிரட் க்ரோபர், மானிடவியல் பாடக்குறிப்புகளில் நாங்கள் அடிக்கடி சந்திக்கிற அதே ஆள்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் சாக்ஸ்டன் போப் என்றொரு சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். இஷிக்கு வைத்தியம் பார்த்தவர், அவரிடமே வில் படிக்கத் தொடங்கினார். ஜூனிப்பர் மரத்தைச் சீவி, மான்காலின் தசைநாரை வாயில் மென்று பதமாக்கி, சால்மன் மீன்தோலைக் காய்ச்சின பசையால் வில்லின் முதுகில் ஒட்டவேணும். அதுக்கு முதலே, சீவின மரத்தை இருட்டில், ஈரம் படாமல், மாதக்கணக்கில் காயவிட்டிருக்கவேணும். நாணேற்றின வில்லை அம்பால் தட்டினால் நல்ல ஒலி எழும்பவேணும். வில்லைக் கடந்து ஒருவரும் கால் வைக்கக்கூடாது. சும்மா இருக்கிற வில்லை நிமிர்த்தியும் வைக்கக்கூடாது. நின்றால் அது வேர்க்கும், களைக்கும் என்றாராம். (பெண்கள் தொட்டாலும் தீட்டு, மணலும் தண்ணியும் போட்டுக் கழுவவேணும். இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேணும்.)

போப் இதையெல்லாம் எழுதி 1918இல் யாஹி வில்வித்தை பற்றியும், 1923இல் வில்வேட்டை பற்றியும் நூல்கள் வெளியிட்டார். அவரும் கூட்டாளி ஆர்தர் யங்கும் கரடி வேட்டைக்குப் போனார்கள். யங்கின் அலாஸ்காப் படத்தைப் பார்த்துக் கிளம்பியவர் பிரெட் பெயர். அவருடைய கம்பனி பைபர்கிளாஸ் வில்களை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளியது. 1961இல் போப், யங் இருவரின் பெயரிலும் ஒரு சங்கம் உருவானது. வில்லால் வீழ்த்தின மிருகங்களின் கொம்பை அளந்து பதிவு வைக்கிற சங்கம். அமெரிக்க வில்வேட்டைக்காரர் பலர் இஷியைத் தங்கட பாட்டனாராகவே கொண்டாடுகிறார்கள்.

எங்களுக்கு இடறுவது இந்த இடம்தான். இஷி வேட்டையாடியது சாப்பிட. கொம்பை அளக்க அவருக்கு என்ன தேவை? போப்பைத் திருடன் என்று சொல்லிவிடவும் ஏலாது. அவர் பக்கத்தில் இருந்து கேட்டார், மென்ற தசைநார் வரைக்கும் குறித்தார். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே ஆதாரமில்லை. ஆனா வில்லை வாங்கிக்கொண்டவர்கள் வில்லோடு வந்த வாழ்க்கையை வாங்கவில்லை. அந்த மொழியைப் பேச ஒரு பிள்ளைகூட மிஞ்சவில்லை. இதுக்குள்ள இன்னொரு சிக்கலும் இருக்கு. இஷியின் அம்புமுனைகளை ஆராய்ந்த தொல்லியலாளர் ஸ்டீவன் ஷக்லி, அவை யாஹி வடிவத்தைவிட அயலவர்களான விண்டு, நொம்லக்கி மக்களின் வடிவத்துக்கே கிட்ட இருக்கிறது என்கிறார். 'கலப்பில்லாத கடைசி மனிதன்' என்று காட்சிக்கு வைத்தவரின் கையிலேயே அயலூர் இருந்திருக்கிறது.

1916 மார்ச்சில் காசநோயால் இறந்தார். உடலை வெட்டவேண்டாம் என்று நியூயோர்க்கிலிருந்து க்ரோபர் எழுதியும் வெட்டினார்கள். அவருடைய ஒரு வில்லையும் 5 அம்புகளையும் கூட வைத்து எரித்தார்கள். மூளையை மட்டும் எடுத்து வைத்தார்கள். அதை ஸ்மித்சோனியனுக்கு அனுப்பி வைத்தது, வெட்டவேண்டாம் என்ற அதே க்ரோபர்.

2000ஆம் ஆண்டில்தான் ரெடிங் ரன்செரியா, பிட் ரிவர் பழங்குடியினர் அதைத் திரும்ப வாங்கினார்கள். சாம்பலோடு சேர்த்து அவருடைய ஊர்ப்பக்கமாகப் புதைத்தார்கள். எந்த இடம் என்று வெளியில் சொல்லவில்லை.