ஒரே ஃபேடர், மூன்று இடத்தில்

மாடிப்படி லைட்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் இருக்குமே, கவனிச்சிருக்கீங்களா? எதைத் தட்டினாலும் லைட் மாறும். ஆனா சுவிட்ச் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கு என்பதற்கு அங்கே அர்த்தமே கிடையாது. தொடுதிரையில் இசையைக் கட்டுப்படுத்தும் ஆப்பில் இந்தக் கதை செல்லாது. ஃபேடர் நிற்கிற இடம்தான் சத்தம் என்று கண் நம்பும்.

நான் சொல்வது டச்ஓஎஸ்சி பற்றி. 2008-இல் ஐபோனுக்கு வந்தது, 2021-இல் புதிய வடிவம். டேப்லெட்டில் நமக்கு வேண்டியபடி ஃபேடர், பொத்தான் வைத்துக்கொண்டு, லேப்டாப்பில் ஓடும் ஏபிள்டன் லைவை ஆட்டி வைக்கலாம்.

எங்க குழுவில் நான் கீபோர்டு. மிக்ஸிங்கும் என் தலையில்தான் (ஆள் பஞ்சம், வேறென்ன!). திரை சின்னது, அதனால் மூன்று பக்கம்: வால்யூம், எஃபெக்ட், லூப். பாடுகிற தோழிக்கு மெல்லிய குரல். மைக்கை ஏற்றினால்தான் கேட்கும், ஏற்றினால் ஸ்பீக்கர் எப்போது ஊளையிடும்னு சொல்ல முடியாது. ஒத்திகையில் அது ஊளையிட்டபோது திரையில் லூப் பக்கம். முதல் பக்கம் போய் ஃபேடரை இறக்குவதற்குள் அவள் காதைப் பொத்திக்கொண்டு நிறுத்திவிட்டாள். ஏற்கெனவே மேடை பயம். "கலைவிழாவுக்கு வேற யாரையாவது பாத்துக்கோ" என்றாள்.

அதனால் அவள் மைக் ஃபேடரை மூன்று பக்கத்திலும் வைத்தேன். எல்லாப் பக்கத்துக்கும் பொதுவா ஓரத்தில் ஒன்று போதாதா என்று கேட்கலாம். வால்யூம் பக்கத்தில் நுணுக்கமா நகர்த்த நீளமான ஃபேடர் வேணும், லூப் பக்கத்திலோ அவசரத்துக்குக் குட்டையா, தடிமனா ஒன்று போதும்.

நகலெடுப்பது ஒரு நொடி. அவற்றை ஒத்துப்போக வைப்பதுதான் வேலை. ஒன்றைப் பாதிக்கு இறக்கினாலும் மற்றது உச்சியிலேயே நிற்கும், விரல் பட்டதும் சத்தம் தாவும். ஏபிள்டனில் பிக்கப் முறை வைத்தால் தாவாது. ஆனா நகல் கீழே நின்றால், இறக்குவதற்கே முதலில் மேலே ஏற்றிப் பிடிக்கணும். ஊளைக்கு நடுவில் யாரால் முடியும்?

லேப்டாப்பே ஒவ்வொரு மாற்றத்தையும் திருப்பி அனுப்பச் செய்யலாம். வைஃபை கொஞ்சம் தாமதித்தால் பழைய அளவு வந்து விரலுக்கடியில் ஃபேடர் நடுங்கும். எனக்குப் பிடித்தது ஆப்புக்குள்ளேயே இருக்கும் 'லோக்கல்' செய்தி. முதல் ஃபேடர் அசைந்தால் மற்ற இரண்டுக்கும் அளவு போகும், அவை அசைந்தால் முதலுக்கு வரும். அளவு மாறாதபோது செய்தி கிளம்பாது, அதனால் முடிவில்லாமல் பந்து தட்டிக்கொள்வதில்லை. லேப்டாப்புக்கான மிடி செய்தியை முதல் ஃபேடரில் மட்டும் விட்டேன். இல்லாவிட்டால் ஒரே அசைவுக்கு மூன்று செய்தி.

எல்லாவற்றையும் இப்படி இணைக்க ஆசை வரும். வேண்டாம்! ரிவெர்ப் எல்லாம் அதனதன் பக்கத்தில் இருக்கட்டும். மைக்கும் மாஸ்டரும் போதும், அதுவும் எல்லாப் பக்கத்திலும் இடது ஓரத்தில். கட்டைவிரல் பார்க்காமலே போகும்.

தோழி தானே மூன்றாம் பக்கத்தில் இழுத்து, முதல் பக்கத்தில் இறங்கியிருக்கிறதா என்று நாலு தடவை பார்த்த பிறகுதான் சரியென்றாள். கலைவிழாவில் பாடினாள். இப்போது தன் போனிலும் ஒரு நகல் வேணுமாம். இருவரும் ஒரே நேரத்தில் இழுத்தால் கடைசியாக வந்த அளவுதான் நிற்கும். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் தயாரில்லை :)