ஏழு வருடமா, ஐந்து வருடமா?

போன் வாங்குவதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். பென்ஷன்காரர்களுக்கு அது பெரிய விஷயம்தான். பென்ஷன் வந்துவிட்டது என்று சொல்வது போன். கரண்ட் பில், காஸ் புக்கிங், மருந்துக்கடைப் பாக்கி எல்லாம் அதில்தான். நவம்பர் மாதம் 'இன்னும் இருக்கிறேன்' என்று முகத்தைக் காட்டி லைஃப் சர்டிபிகேட் கொடுப்பதையும் இப்போது வீட்டிலிருந்தபடி ஆண்ட்ராய்டு போனிலேயே முடித்துவிடலாம்.

2024 கடைசியில் என் பழைய போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுவிட்டது. வங்கிக் கணக்கு உள்ள போனை அப்படியே வைத்திருக்க மனம் வரவில்லை. பல நாள் அலசியதில் இரண்டு மிஞ்சின: கூகுள் பிக்சல் 8ஏ, சாம்சங் கேலக்ஸி ஏ55. இரண்டும் அந்த வருடம் வந்தவை. அறிமுக விலை பிக்சல் 52,999 ரூபாய், சாம்சங் 39,999 ரூபாய்.

பேரன் பிக்சல் கட்சி. "தாத்தா, ஏழு வருஷம் அப்டேட் தர்றாங்க. சாம்சங் அஞ்சு வருஷம்தான்" என்றான். நியாயமான வாதம். அப்டேட் நின்ற போனில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. எனக்கு 69. ஏழு வருடம் என்றால் 76. போன் முந்துமா நான் முந்துவேனா என்று சிரித்துக்கொண்டேன்.

பிக்சல் கைக்கு அடக்கம்: 6.1 அங்குலத் திரை, 188 கிராம். சாம்சங் 6.6 அங்குலம், 213 கிராம். படுத்துக்கொண்டு படித்தால் அந்த 25 கிராம் மணிக்கட்டுக்குத் தெரியும். ஆனால் பெரிய எழுத்து வைத்தாலும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிவது பெரிய திரையில்தான். மெமரி கார்டு போடும் வசதியும் சாம்சங்கில் மட்டுமே. பழைய கார்டில் அம்மாவின் குரல் பதிவுகள் இருக்கின்றன.

இவ்வளவு எழுதிப் பார்த்தும் தராசு சமமாகவே நின்றது. முடிவு வேறு இடத்திலிருந்து வந்தது.

போன வருடம் நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இன்ஷூரன்ஸ் அட்டையின் படம் என் போனில். அதைத் தேடியெடுக்க என் மனைவி பட்ட பாடு கொஞ்சமல்ல. அவளிடம் இருப்பது பழைய சாம்சங். அதில் ஈஸி மோட் போட்டு, பெரிய பெரிய ஐகானாக வைத்திருக்கிறாள். என் போன் வேறு கம்பெனி. எங்கே தட்டினால் எது வரும் என்று அவளுக்குப் புரியவில்லை. "ஏங்க, உங்க போன் எனக்கு வேத்து ஊர் மாதிரி இருக்கு" என்றாள், டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த என் பக்கத்தில் நின்றபடி.

ஆக, சாம்சங் வாங்கினேன். இரண்டு வருட அப்டேட் நஷ்டம்தான், தெரிந்தே ஒப்புக்கொண்டேன். வாரம் ஒருமுறை என் போனை அவள் கையில் கொடுத்துவிடுவேன். டாக்டர் நம்பர், இன்ஷூரன்ஸ் படம், பிள்ளைக்கு வீடியோ கால் மூன்றையும் அவளே எடுத்துக் காட்ட வேண்டும். இப்போது என்னைவிட வேகமாக எடுக்கிறாள்.

நம் வயதில் போன் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கேமரா, பேட்டரி எல்லாம் பாருங்கள். கூடவே, நீங்கள் கட்டிலில் கிடக்கும் நாளில் அதைக் கையில் எடுக்கப்போவது யார் என்று யோசித்து, அவரையும் கடைக்குக் கூட்டிப் போங்கள்.